வெற்றிடத்தை வீசியெறியாதீர்!

பல்லாயிரவரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து நோயின் காரணம் தேடுகின்றனர் மருத்துவ ஆய்வாளர். அனைவரின் விவரங்களையும் திரட்டுவதோ பெருஞ்செலவு. ஆதலால், நோயுற்றோர் அனைவரையும், முழுக் கூட்டத்திலிருந்து குலுக்கலில் எடுத்த ஒரு சிறு பகுதியையும் மட்டும் ஆராய்ந்தால் போதும் என்னும் முறையைப் பிரென்டிஸ் என்ற புள்ளியியல் அறிஞர் 1986இல் வகுத்தளித்தார்.

இம்முறையில் திரட்டாமல் விட்டவை நாமே விட்ட வெற்றிடங்கள். குலுக்கல் விகிதம் தெரியுமாதலால் கணக்கில் ஈடுசெய்துவிடலாம். ஆனால், தாமாக நேரும் வெற்றிடங்களும் உண்டு. புகைப்பழக்கம் பற்றி விசாரிக்கச் செல்லுமுன் நோயாளி இறந்துவிடுகிறார். விவரம் இல்லையென்று அவரைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடுகின்றனர் பலர். இது தகாது என்பேன். விரைவில் இறந்தவருள் புகைத்தவரே மிகுதி எனில், எஞ்சியோரைக் கொண்டு போடும் கணக்கு புகையின் தீமையைக் குறைத்தன்றோ காட்டும்?

அவருடைய வயது, தொழில், இறந்த நாள் ஆகியவை நம் கையில் உள்ளனவே! அவற்றைக் கொண்டு, விடுபட்டதைப் பலமுறை மதிப்பிட்டு நிரப்பி, முடிவுகளைத் தொகுக்கும் வழியை டொனால்டு ரூபின் 1987இல் நூலாகவே தந்தார். ஒருமுறை மட்டும் நிரப்பினால் ஊகம் உண்மைபோல் வேடமிடும். பலமுறை நிரப்பினால் நம் ஐயத்தின் அளவும் விடையில் தெரியும்.

புள்ளியியல் பயிலும் நண்பர்களே, வெற்றிடம் கண்டால் நீக்குமுன் ஏன் என்று கேளுங்கள். அந்த வரியும் ஒரு மனிதருடையதே.