பிச்சை கேட்டார்!

2015-ஆம் வருஷத்தில் கூகிள் ஸ்தாபனத்துக்கும், 2019-இல் அதன் தாய் ஸ்தாபனமான ஆல்பபெட்டுக்கும் தலைமை ஏற்ற சுந்தர் பிச்சை, 1972-இல் நமது மதுரையிலே பிறந்தவர் என்பதை வாசகர்கள் அறிவார்கள். அவர் புகழைப் பாட நாம் முன்வரவில்லை. அதைச் செய்யப் பலர் இருக்கிறார்கள். அவருடைய பெயர் தமிழ் வாக்கியத்தில் அகப்பட்டுக்கொண்டு படும் பாடுதான் இன்று நம் விஷயம்.

அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு இதில் ஒரு சங்கடமும் கிடையாது. 'பிச்சை சொன்னார்', 'பிச்சை மறுத்தார்' என்று தாராளமாக எழுதுகின்றன. சொன்னவரும் மறுத்தவரும் மகன். அச்சேறுவதோ தகப்பனார் பெயர்! நம்மவரில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் ஏது? ஜாதிப் பட்டங்களையும், 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மகாநாட்டுக்குப் பிறகு பலர் விட்டொழித்தார்கள். ஆகவே கடல் கடந்து போகிறவன், கடைசிப் பெயர் என்ன என்று கேட்டால் தந்தை பெயரைக் கொடுக்கிறான். ஸர் சி. வி. ராமனுக்குச் சொந்தப் பெயரே கடைசியில் நின்றபடியால், 1928-இல் அவர் கண்டது 'ராமன் விளைவு' ஆயிற்று. அவருடைய தந்தை சந்திரசேகரையர் பெயர் வேறு வழியாக விஞ்ஞானத்தில் ஏறிற்று. பேரனுக்கு அதே பெயரை இட்டார்கள். 'சந்திரசேகர் எல்லை' அந்தப் பேரன் கண்டதே.

தமிழில் எழுதுகிறவர் நிலைமைதான் பரிதாபம். 'பிச்சை கேட்டார்' என்றால் கேட்டவர் பிச்சையா, கேட்ட பொருள் பிச்சையா? முழுப் பெயரை எழுதித் தப்பலாமென்பது இன்னும் மோசம். 'சுந்தர் பிச்சை கேட்டார்' என்றதும் சுந்தர் திருவோட்டை நீட்டியே விடுகிறார்! மற்ற இடங்களில் கைகொடுக்கும் ஒற்றெழுத்தும் இங்கே உதவாது. எழுவாய்த் தொடரிலும் வலி மிகாது. இரண்டாம் வேற்றுமைத் தொகையிலும் வலி மிகாது. 'போட்டார்', 'கொடுத்தார்' எல்லாவற்றுக்கும் இதே கதி. நமக்குத் தோன்றும் பரிகாரம் பழைய வழக்கந்தான்: 'பிச்சை அவர்கள் கேட்டார்கள்' என்று எழுதலாம்.

இந்தப் பெயரை இட்டவர்கள் இதையெல்லாம் அறியாத மூடர்களல்லர். பிறந்த பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாய் இறந்த வீட்டில், தங்கிய குழந்தையைத் தெய்வம் இட்ட பிச்சை என்று சொல்லி வளர்த்தார்கள். குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன் என்றார்கள். தவிட்டுக்கு விற்று வாங்கினார்கள். ஆண் பிள்ளைக்கு மூக்குக் குத்தி மூக்கன் என்றார்கள். யமன் கண்ணுக்கு அற்பமாய்த் தோன்றட்டும் என்பது கருத்து. பிச்சை, பிச்சைமுத்து, பிச்சையம்மாள் என்பன மத பேதமின்றி வழங்கிய பெயர்கள். சிவபெருமானே பிச்சாண்டி அல்லவா?

வண்டியூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில், தகப்பனாருக்கோ பாட்டனாருக்கோ இப்பெயர் உள்ள பிள்ளைகள் இன்றும் உண்டு. முதலெழுத்தை விரித்து எழுதச் சொன்னால் பேனா நின்று விடுகிறது. சகபாடிகளின் கேலி அப்படி. கெஜட்டில் விளம்பரம் செய்து பெயரை மாற்றிவிடலாமா என்று நம்மிடம் யோசனை கேட்க வந்தார் ஒருவர். பெயருக்கு உடையவரே அவர், மகனுக்காக வந்தார். தமக்கு முன் மூவரைப் பறிகொடுத்த தாயார் இட்ட பெயர் என்று அவரே சொன்னார். மாற்ற வேண்டாம் என்றோம்.

"நீங்கள் சொல்லிவிடலாம், ஸார். கேலியைக் கேட்கிறவன் என் பையன்" என்றார்.

இதற்கு நம்மிடம் பதில் இல்லை. கூகிள் தலைவரைக் காட்டிப் பையனைத் தேற்றலாமா என்று ஒரு கணம் நினைத்தோம். ஆனால் கோடீசுவரர் ஒருவர் தாங்கிய பிறகுதான் பாட்டி வைத்த பெயருக்கு மானம் வரவேண்டுமா என்று தோன்றவே, சும்மா இருந்துவிட்டோம். அவர் விண்ணப்பத்தை வாங்கிப்போய் மாதங்கள் ஆகின்றன, இன்னும் கொடுக்கவில்லை. கெஜட் விளம்பரத்தில் பழைய பெயரையும் ஒரு முறை அச்சிட்டாக வேண்டும் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்ததாம்.