சத்து வாங்கச் சம்பளம் முழுவதும் வேண்டுமா?

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. கணவனும் மனைவியும் மளிகைச் சாமான் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். பில்லைப் பார்த்த கணவனுக்குத் தலை சுற்றுகிறது.

"என்ன இது? போன மாதத்தைவிட ஒன்றரை மடங்கு ஆகியிருக்கிறதே!"

"எல்லாம் ஆர்கானிக் சாமான்ங்க. பிள்ளைகள் உடம்புக்கு நல்லதாம்."

"சரி, மிச்ச நாளை எப்படி ஓட்டுவது?"

"பாலையும் முட்டையையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்ங்க."

இந்தப் பேச்சு இன்று பல வீடுகளில் நடக்கிறது. அந்தத் தாயின் எண்ணம் தங்கமானது. ஆனால், கணக்குத்தான் தவறு. உடம்புக்கு நல்லது என்று ஒரு பொட்டலத்தை வாங்கிவிட்டு, பிள்ளையின் பாலையும் முட்டையையும் குறைத்தால் லாபம் யாருக்கு? கடைக்காரருக்குத்தான்!

எது உண்மை?

ரசாயன உரமும் பூச்சி மருந்தும் போடாமல் விளைவிப்பது நல்ல காரியம். மண் கெடாது. மருந்து அடிக்கும் உழவனின் உடம்பும் கெடாது. இதைச் சொல்லத்தான் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் உழவர்களிடம் பேசினார். 2013-ல் மறையும்வரை அவர் ஓயவில்லை.

இயற்கை முறையில் விளைந்த பண்டத்தில் பூச்சி மருந்தின் மிச்சம் குறைவு. இது உண்மை. ஆனால், அதில் சத்து பல மடங்கு கூடிவிடுகிறது என்பதற்குத் திடமான ஆதாரம் இல்லை. ஆகவே, கையில் காசு குறைவாக உள்ளவர்கள் முதலில் சத்தைப் பார்க்க வேண்டும். லேபிளை அப்புறம் பார்க்கலாம்.

கோழி சொன்ன பாடம்

1890-களில் ஜாவாத் தீவில் ஐக்மன் என்ற டச்சு டாக்டர் இருந்தார். அவர் வளர்த்த கோழிகள் கால் துவண்டு விழுந்தன. காரணம் புரியவில்லை. திடீரென்று கோழிகள் தாமாகவே தேறிவிட்டன! விசாரித்தார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத்தான் கோழிகளுக்குப் போட்டு வந்தார்கள். புதிதாக வந்த சமையற்காரர் அதைத் தர மறுத்துவிட்டார். மலிவான, தீட்டாத அரிசியைப் போட்டார்கள். கோழிகள் பிழைத்தன.

அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு 'பி 1' என்ற உயிர்ச்சத்து போய்விடுகிறது என்பது பிறகு தெரிந்தது. 1929-ல் ஐக்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதில் நமக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டில் உள்ள அந்தச் சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதுதான் நம் புழுங்கல் அரிசி! மல்லிகைப் பூப் போன்ற பச்சரிசியைவிட அதில் இந்தச் சத்து அதிகம். தமிழ்நாட்டில் அரிசி கார்டு உள்ளவர்களுக்கு 2011 முதல் ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமலே கிடைக்கிறது. அதை நாலைந்து முறை கழுவாமல், கஞ்சியைக் கொட்டாமல் சமைத்தாலே சத்து மிஞ்சும்.

மலிவான பண்டம், மட்டமானது அல்ல

100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே அளவு அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். எலும்புக்கு உரம் வேண்டுமென்றால், கப்பலில் வரும் கினோவா எதற்கு? கேழ்வரகுக் களியும் கூழும் போதாதா?

பாதாம் பருப்பு நல்லதுதான். ஆனால், நிலக்கடலையில் புரதம் அதற்குக் குறைந்தது அல்ல. விலையோ பல மடங்கு குறைவு.

ஆப்பிள் வாங்கினால்தான் பிள்ளைக்குப் பழம் கொடுத்ததாக அர்த்தமா? 'சி' உயிர்ச்சத்தில் நாட்டுக் கொய்யாவின் பக்கத்தில் ஆப்பிள் நிற்கவே முடியாது. நெல்லிக்காய் அதையும் மிஞ்சும்.

கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. வெள்ளைச் சர்க்கரையைவிட அவற்றில் தாது உப்புகள் கொஞ்சம் கூடுதல். ஆனால், அவையும் சர்க்கரைதான். நீரிழிவு உள்ளவர்கள் அவற்றை மருந்து என்று எண்ணி விலை கொடுத்து வாங்க வேண்டாம். இனிப்பைக் குறைப்பதே நல்லது. அதற்குக் காசும் வேண்டாம்!

எங்கே வாங்குவது?

மதுரையில் 1999 நவம்பர் 14 அன்று முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. பிறகு பல ஊர்களில் வந்தது. உழவரே கொண்டுவந்து விற்பதால், இடைத்தரகு இல்லை. அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். அங்கே உள்ள எல்லாக் காய்களும் இயற்கை விளைச்சல் அல்ல. ஆனால், விளைவித்தவரே எதிரில் இருக்கிறார். "அண்ணே, இதற்கு என்ன மருந்து அடித்தீர்கள்?" என்று கேட்கலாம். கண்ணாடி போட்ட கடையில் யாரிடம் கேட்பது?

பருவத்தில் விளைவதை வாங்க வேண்டும். அப்போது விலையும் குறைவு, ருசியும் அதிகம்.

பாரம்பரிய அரிசி வேண்டுமா? நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, அறுவடை நேரத்தில் உழவரிடமே மூட்டையாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். காய்ந்த வேப்பிலையோ வசம்போ போட்டு வைத்தால் வண்டு அண்டாது. ஆனால், கம்பு மாவை மட்டும் மொத்தமாக அரைக்கக் கூடாது. சீக்கிரம் கசந்துவிடும்.

பொட்டலம் வாங்குகிறவர்கள் 'இயற்கை', 'பாரம்பரியம்', 'பாட்டி கைப்பக்குவம்' என்ற எழுத்துகளைக் கண்டு மயங்கக் கூடாது. அவை அத்தாட்சி ஆகா. அரசு அங்கீகரித்த ஆர்கானிக் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாத பொட்டலத்துக்குக் கூடுதல் விலை எதற்கு?

எதற்குச் செலவழிக்கலாம்?

எல்லாவற்றையும் ஆர்கானிக்காக வாங்க முடியாதவர்கள், தோலோடும் இலையோடும் சாப்பிடுவதற்கு மட்டும் அந்தக் காசை ஒதுக்கலாம். கீரை, கொத்தமல்லி, திராட்சை போன்றவை அவை. மற்றக் காய்களை ஓடும் நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவினால், மேலே ஒட்டிய மருந்து ஓரளவு குறையும்.

கீரைக்கு அந்தக் காசுகூட வேண்டாம். பழைய வாளியில் மண் நிரப்பி விதை தூவினால், மூன்று நான்கு வாரத்தில் கீரை பறிக்கலாம். கொல்லையில் ஒரு முருங்கையும் ஒரு கறிவேப்பிலையும் இருந்தால், அந்த வீட்டுக்காரரே ஆர்கானிக் முதலாளி!

அடுத்த மாதம் அந்தக் கணவனும் மனைவியும் கடைக்குப் போகட்டும். கேழ்வரகு, கடலை, பயறு, கீரை, கொய்யா இவற்றை முதலில் எழுதட்டும். பால், முட்டைக் கணக்கில் கை வைக்க வேண்டாம். மிஞ்சிய காசில் இயற்கை உழவர் ஒருவரிடம் ஏதேனும் ஒரு பண்டம் வாங்கட்டும். பிள்ளைகளுக்குச் சத்தும் கிடைக்கும். நல்ல உழவருக்கு ஆதரவும் கிடைக்கும்.

சத்து என்பது பணக்காரர் வீட்டுப் பொருள் அல்ல. அது நம் அடுப்படியிலேயே இருக்கிறது. பளபளக்கும் உறைக்குக் கொடுக்கும் பணத்தைப் பிள்ளையின் தட்டில் போடுங்கள்!