பேஜ் உங்கட கடை இல்லை

யாழ்ப்பாணத்திலயும் வன்னியிலயும் மட்டக்களப்பிலயும் இப்ப அடிக்கடி ஒரு பயிற்சிப்பட்டறை நடக்கும். பெயர் மாறும், லோகோ மாறும், மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் மட்டும் மாறாது. "டிஜிட்டல் சந்தைப்படுத்தல் ஊடாக இளம் தொழில்முனைவோரை வலுவூட்டல்" எண்டு பின்னுக்கு ஒரு பனர் தொங்கும். முதல்நாள் பேஸ்புக் பேஜ் திறக்கிறது எப்பிடி, இரண்டாம் நாள் பூஸ்ட் பண்ணுறது எப்பிடி, பிறகு சான்றிதழ், குறூப் போட்டோ. "இனி நீங்களே உங்கட முதலாளி" எண்டு சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவினம்.

இந்தக் கடைசி வசனத்தோடதான் எனக்குச் சண்டை.

வீட்டில கேக் அடிச்சு விக்கிற, பிளவுஸ் தைக்கிற, மிளகாய்த்தூள் இடிச்சுப் பைக்கற் போடுற ஒரு அக்கா பேஜ் ஒண்டைத் திறக்கிறா எண்டு வைப்பம். ஊருக்குள்ள அவவைத் தெரிஞ்சவை எல்லாரும் லைக் போடுகினம். ஆறு மாசத்தில ஐயாயிரம் பேர் சேர்ந்திட்டினம். ஆனால் அவ போடுற படம் அந்த ஐயாயிரம் பேரில எத்தினை பேரின்ர கண்ணில படும் எண்டது அவவின்ர கையில இல்லை. 2018 ஜனவரியில மார்க் சக்கர்பேர்க் வெளிப்படையாகவே அறிவிச்சார்: இனி நண்பர்களும் குடும்பமும் போடுறதுக்குத்தான் முன்னுரிமை, வியாபாரப் பக்கங்கள் போடுறது குறைவாகத்தான் தெரியும் எண்டு. அதுக்குப் பிறகு சும்மா போட்டால் கொஞ்சப் பேருக்குத் தெரியும், காசு கட்டினால் கனபேருக்குத் தெரியும். திண்ணையை இலவசமாகத் தந்து, சனம் சேர்ந்த பிறகு முன்னுக்கு ஒரு திரையைத் தொங்கவிட்டு, "தூக்கிறதெண்டால் காசு" எண்டு கேக்கிறதுக்குப் பேர்தான் பூஸ்ட்.

அந்தக் காசும் பல நேரம் டொலரிலதான் கணக்குப் பார்க்கப்படுது. 2022இல ஒரு டொலர் 200 ரூபாயில இருந்து சில மாதத்துக்குள்ள 360 ரூபாயைத் தாண்டினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாவும் பட்டரும் ஏறினதைப் பற்றி எல்லாரும் கதைச்சம். விளம்பரச் செலவு ஏறினதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. கடனட்டை இல்லாத ஆக்கள் ரவுணில ஆரோ ஒரு தம்பியிட்டக் காசைக் குடுத்து, அவன் தன்ர கொமிஷனையும் எடுத்துக்கொண்டு பூஸ்ட் போட்டுவிடுறான். முதலாளி ஆகவேண்டிய அக்கா இப்பிடித்தான் ரெண்டு பேருக்குப் படியளக்கிறா.

சுன்னாகம் சந்தையில ஒரு இடம் எடுத்தால் பிரதேச சபைக்குக் காசு கட்டவேணும். நாளைக்கு எழும்பச் சொன்னால் சபைக்குப் போய்ச் சத்தம் போடலாம், உறுப்பினரைப் பிடிக்கலாம், வழக்குப் போடலாம், அடுத்த தேர்தல்ல பழி தீர்க்கலாம். பேஜ் ஒருநாள் விடியக் காணாமல் போனால் ஆரிட்டப் போறது? போன் நம்பர் இல்லை, அலுவலகம் இல்லை. "உங்கள் கணக்கு எங்கள் சமூக விதிகளை மீறியுள்ளது" எண்டு ஒரு வசனம் மட்டும் வரும். எந்த விதி, எந்தப் படம் எண்டு பல நேரம் அதிலயும் இருக்காது. ஹக் பண்ணுப்பட்டால் அதைவிடக் கேவலம். உங்கட பேரில, உங்கட படத்தோட, உங்கட வாடிக்கையாளரிட்டயே எவனோ காசு வாங்குவான். நீங்கள் சொந்தப் பேஜுக்குக் கீழ போய் "இது நாங்கள் இல்லை" எண்டு கொமென்ற் போட்டுக்கொண்டு நிக்கவேண்டியதுதான்.

கொம்பனி ஒண்டும் செய்யாட்டியும் அரசாங்கம் செய்யும். 2018 மார்ச்சில கண்டியில முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை நடந்தபோது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாத்தையும் நாடு முழுக்க முடக்கினவை. அது கிட்டத்தட்ட ஒரு கிழமை. 2019இல உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஒன்பது நாள். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, சனம் தெருவில இறங்கின நேரம், பதினைஞ்சு மணித்தியாலம் அளவில. இதுக்கிடையில 2021 ஒக்ரோபர் 4ஆம் திகதி அரசாங்கம் கைவைக்காமலே பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் உலகம் முழுக்க ஆறு மணித்தியாலம் படுத்திட்டுது. வெறுப்புப் பேச்சைத் தடுக்கத்தான் முடக்கினது எண்டு சொன்னவையின்ர நியாயம் எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் அந்த நாட்கள்ல பிறந்தநாள் கேக் ஓடர் எடுத்து வச்சிருந்தவைக்கு ஆர் பதில் சொன்னது? வாடிக்கையாளரின்ர விலாசம் இன்பொக்ஸுக்குள்ள, இன்பொக்ஸ் பூட்டுக்குள்ள. இப்ப 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் கையில இருக்கு. அடுத்தமுறை முடக்க யோசிக்கிறவைக்குக் கூடின வசதி.

எங்கட ஊர் மூலைக்கடை ஐயாட்ட ஒரு கடன் கொப்பி இருந்தது. ஆர், என்ன வாங்கினது, எவ்வளவு பாக்கி, ஆற்ற பிள்ளை வெளிநாட்டுக்குப் போட்டுது, ஆர் சம்பளம் எடுக்கிற நாள் எது, எல்லாம் அதுக்குள்ள. கடைக்குப் பூட்டு விழுந்தாலும் கொப்பியைக் கக்கத்துக்குள்ள வச்சுக்கொண்டு அடுத்த ஒழுங்கையில புதுக்கடை போடுவார். இப்ப பன்னீராயிரம் ஃபொலோவர்ஸ் வச்சிருக்கிற ஒருத்தரிட்டப் போய்க் கேளுங்கோ: திரும்பத் திரும்ப வாங்குற பன்னிரண்டு பேரின்ர நம்பர் உங்கட கொப்பியில இருக்கா? கனபேரிட்ட இல்லை. அந்தக் கொப்பி மெற்றா கொம்பனியிட்ட இருக்கு. உங்களை விட வடிவாக எழுதி வச்சிருக்கினம், உங்கட போட்டியாளருக்கும் அதைக் காட்டிக் காசு உழைக்கினம்.

இதில எங்கட பிழையும் ஒண்டு இருக்கு, அதைச் சொல்லாமல் விடேலாது. "விலை இன்பொக்ஸ்". சாமானின்ர படத்தைப் போட்டு விலையை ஒளிச்சு வைக்கிற இந்தப் பழக்கம் எங்க இருந்து வந்ததோ தெரியாது. கொமென்ற் கூடினால் ரீச் கூடும் எண்டு பயிற்சியில சொல்லிக் குடுத்தவையாம். விளைவு என்ன? இரவு பதினொண்டரைக்கும் "எவ்வளவு?" எண்டு நாப்பது பேர் கேப்பினம், நாப்பது பேருக்கும் ஒரே பதிலை அடிக்கவேணும். அதில வாங்கிறது ரெண்டு பேர். வாங்க வந்த சனத்துக்கும் எரிச்சல், விக்கிற ஆளுக்கும் நித்திரை இல்லை. பெண்கள் லைவ் போட்டு உடுப்பு விக்கேக்க "சாறி எவ்வளவு, நீங்கள் எவ்வளவு" எண்டு கீழ வந்து எழுதுற ஆம்பிளையளின்ர கொமென்றையும் அல்கோரிதம் வரவிலதான் வைக்குது. அதுக்கும் ரீச் கூடும். அந்த அசிங்கத்தைச் சகிச்சுக்கொண்டு சிரிச்ச முகத்தோட நிக்கிறதை எந்தப் பயிற்சியும் வேலையாகக் கணக்கெடுக்கிறேல்லை.

வித்தாலும் காசு கைக்கு வாறது இன்னொரு கூத்து. எங்கட சனத்துக்குச் சாமான் கையில கிடைச்ச பிறகு காசு குடுக்கத்தான் விருப்பம். ஏமாந்த அனுபவம் நிறைய, அதனால குறை சொல்லேலாது. ஆனால் ஒரு கணக்குப் பாருங்கோ. 2,500 ரூபா சாமான், அதில லாபம் 500, கூரியருக்கு 400 எண்டு வைப்பம். வாங்கின ஆள் போனைத் தூக்காமல் விட்டு பார்சல் திரும்பி வந்தால், போன கூலி உங்கட தலையில. சில இடத்தில திரும்பி வந்த கூலியும். இப்பிடி ஒண்டு திரும்பினால் ஒழுங்காக வித்த இன்னொண்டின்ர லாபம் முக்கால்வாசி போச்சு. முன்காசு கேட்டால் வங்கி ஸ்லிப்பை எடிற் பண்ணி அனுப்புற ஆக்களும் இருக்கினம்.

ரொறன்ரோவிலயும் லண்டனிலயும் இருக்கிற எங்கட ஆக்கள் பனங்கிழங்கு மாவும் ஒடியலும் வாங்கத் தயார். ஆனால் இலங்கையில இருந்து பேபாலில காசு கட்டலாம், வித்துக் காசு வாங்கேலாது எண்ட நிலைமையை வச்சுக்கொண்டே வருசக்கணக்காக ஓட்டினம். ஒவ்வொரு அரசாங்கமும் "விரைவில்" எண்டது. அதனால காசு லண்டன்ல இருக்கிற சித்தப்பாவின்ர கணக்கில விழுந்து, அவருக்கு நேரம் வரேக்க இங்க வரும். தொழில்முனைவு எண்டு பெரிய சொல் சொல்லுறவை இந்த ஒரு கதவைத் திறக்கச் சொல்லி கொழும்பில ஒரு பனராவது பிடிச்சவையா?

"பேஸ்புக் இல்லாட்டி அந்த அக்காவுக்குக் கடையே இல்லையே" எண்டு கேப்பியள். நியாயமான கேள்விதான். யாழ்ப்பாண ரவுணில ஒரு கடை எடுக்க முற்பணமே லட்சக்கணக்கில கேப்பினம். கைக்குழந்தையோட, வயசான மாமியோட வீட்டில இருக்கிற ஒருத்திக்குப் போன்தான் கடைவாசல். அதனால பேஜை மூடுங்கோ எண்டு நான் சொல்லேல்லை. வாசலை வாசலாக மட்டும் பாவியுங்கோ. வாற ஆளை உள்ள கூப்பிட்டு ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ, பேரும் நம்பரும் பிள்ளையின்ர பிறந்தநாளும். நல்ல நாளுக்கு ஒரு மெசேஜ், ஏலுமெண்டால் ஒரு கோல். விலையைப் படத்திலயே போடுங்கோ. பிரதேச செயலகத்தில வியாபாரப் பெயரைப் பதிஞ்சு வையுங்கோ. ஏலுமானவை சொந்த விலாசம் ஒண்டு எடுக்கலாம்: டொட் எல்கே இருக்கு, தமிழிலயே டொட் இலங்கை எண்டும் இருக்கு. எங்கட மொழியில இப்பிடி ஒரு முகவரி இருக்கிறது கனபேருக்குத் தெரியாது. அதையும் எந்தப் பயிற்சியிலயும் சொல்லக் கேள்விப்படேல்லை.

நான் இணையத்தளம் செய்து குடுத்துப் பிழைக்கிற ஆள், அதனாலதான் இப்பிடி எழுதுறன் எண்டு சொல்லுவியள். சொல்லுங்கோ. கொப்பி வாங்க எனக்கு ஒரு சதமும் தரத்தேவையில்லை, சிஆர் கொப்பி மூலைக்கடையிலயே இருக்கு.

அடுத்த பட்டறைக்கு அழைப்பு வந்தால் கட்டாயம் போங்கோ. போய் ரெண்டு கேள்வி கேளுங்கோ. நாளைக்குக் காலமை என்ர பேஜ் இல்லாமல் போனால் என்ர வாடிக்கையாளரை நான் எப்பிடித் திரும்பப் பிடிக்கிறது? வெளிநாட்டில இருந்து வாற காசை என்ர பேரில நான் எப்பிடி எடுக்கிறது? வளவாளர் அடுத்த ஸ்லைட்டுக்குத் தாவினால், பார்சலை வாங்கிக்கொண்டு வெளிக்கிடலாம், கோழிக் கறி எண்டால் இருந்து சாப்பிட்டிட்டும் வரலாம்.