பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பினோம், யாரோடு விட்டோம்?



கூலிம் ஹைடெக் பூங்காவில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு பார்க்கும் ஒரு தகப்பனார் சென்ற ஆண்டு என்னைப் பார்க்க வந்தார். லூனாஸ் பக்கத் தோட்டத்தில் பிறந்தவர். பெற்றோர் பால்மரம் வெட்டியவர்கள். அவருடைய மகன் எஸ்.பி.எம். முடித்து டிப்ளோமா படிக்கப் போனான். மூன்றே மாதத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீடு திரும்பிவிட்டான்.

காரணம் பாடம் அல்ல. விடுதியில் மூத்த மாணவர்கள் நடுராத்திரியில் எழுப்பி மண்டியிட வைத்திருக்கிறார்கள், துணி துவைக்க வைத்திருக்கிறார்கள், அடித்தும் இருக்கிறார்கள். அதில் நம் பையன்களும் உண்டு. "எங்க குரூப்புல சேர்ந்துட்டா உன்னை எவனும் தொடமாட்டான்" என்று சொன்னார்களாம்.

"கேஸ் போடலாமா, லாயர்?" என்றார். போடலாம் என்றேன். அடுத்து அவர் கேட்டதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "அத்தனை பேர் படிக்கிற இடத்துல என் மகனுக்கு நல்ல கூட்டாளி ஒருத்தன்கூட ஏன் கிடைக்கல?"

நாம் கட்டணத்தைக் கணக்குப் பார்க்கிறோம். பி.டி.பி.டி.என். கடனைக் கணக்குப் பார்க்கிறோம். பிள்ளை யாரோடு பழகப் போகிறான் என்பதை விதியிடம் விட்டுவிடுகிறோம். வசதியுள்ளவர்கள் அப்படி விடுவதில்லை!

அமெரிக்காவைப் பாருங்கள். ஹைடெக்கில் இருக்கும் இண்டெல், ஃபர்ஸ்ட் சோலார் எல்லாம் அந்த நாட்டுக் கம்பெனிகள்தாம். அங்கே கல்லூரிகளில் கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவர் சங்கங்கள் உண்டு. ஆண்களுடையது 'ஃபிராட்டர்னிட்டி', பெண்களுடையது 'சொரோரிட்டி'. 1776-இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தோன்றிய 'ஃபை பீட்டா கப்பா'தான் இவற்றுக்கு முன்னோடி. பல சங்கங்களுக்குச் சொந்த வீடு உண்டு, சந்தா உண்டு, சடங்கு உண்டு. ஒருமுறை சேர்ந்தால் வாழ்நாள் உறவு. பட்டம் வாங்கியபின் வேலைக்குக் கதவு திறப்பவர்களும் அந்த மூத்தவர்களே.

சினிமாவில் பார்த்துவிட்டு நாடு முழுவதும் இப்படித்தான் என்று நினைக்காதீர்கள். தென்மாநிலங்களில் இந்தச் சங்கங்களுக்குப் பெரும் செல்வாக்கு. தாய் இருந்த சங்கத்தில் மகளும் சேருவாள். வடகிழக்கிலோ வில்லியம்ஸ் கல்லூரி 1960-களிலேயே இவற்றைக் கலைக்கத் தொடங்கியது. பௌடின் கல்லூரி 1997-இல் அதே முடிவெடுத்தது. வீட்டிலிருந்து பஸ் ஏறிவந்து, வேலையும் பார்த்துப் படிக்கும் நகரத்து ஏழைப் பிள்ளைகளுக்கு இந்த ஆடம்பரமே கிடையாது.

அலபாமா பல்கலைக்கழகத்தின் கதை நமக்குப் பாடம். 1963-இல் கறுப்பின மாணவர்கள் உள்ளே நுழைவதைத் தடுக்க மாநில ஆளுநரே வாசலில் போய் நின்றார். சட்டம் அவரை விலக வைத்தது. வகுப்பறை திறந்தது. ஆனால் ஐம்பது ஆண்டு கழித்து, 2013-இல், தகுதியுள்ள கறுப்பினப் பெண்களை வெள்ளையர் சொரோரிட்டிகள் ஒதுக்கியதை மாணவர் பத்திரிகையே அம்பலப்படுத்தியது. அதன் பிறகுதான் நிர்வாகம் தலையிட்டது. சட்டம் திறந்துவிடுவது வகுப்பறைக் கதவை. நட்பு வட்டத்தின் கதவுக்கு வேறு போராட்டம் தேவைப்படுகிறது!

ஒதுக்கப்பட்டவர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. 1906-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் 'ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா'வைத் தொடங்கினார்கள். மார்ட்டின் லூதர் கிங் அதன் உறுப்பினர். 1908-இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கறுப்பினப் பெண்கள் 'ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா'வைத் தொடங்கினார்கள். சென்னையில் பிறந்த தாயின் மகள் கமலா ஹாரிஸ் அங்கே படித்தபோது அதில் சேர்ந்தார். 2021-இல் துணை அதிபரானார். 1998-இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் தெற்காசிய மாணவர்களும் தங்களுக்கென்று சங்கம் அமைத்தார்கள்.

இதன் இருண்ட பக்கத்தையும் மறைக்கக்கூடாது. சேர்க்கைச் சடங்கு என்ற பெயரில் நடக்கும் பகடிவதை அங்கே பல உயிர்களைக் குடித்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகுதான் 1997-இல் பகடிவதைத் தடைச் சட்டம் வந்தது. நம் நாட்டில் 2017-இல் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்தில் கடற்படைப் பயிற்சி மாணவர் ஒருவர் சக மாணவர்களின் சித்திரவதையால் மாண்டார். அடி வாங்கித்தான் அண்ணன் தம்பி ஆகவேண்டும் என்றால் அதன் பெயர் சங்கம் அல்ல, குண்டர் கும்பல்!

நம்மிடம் நல்ல மரபு இல்லையா? உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை தலைமுறை தலைமுறையாக நம் மாணவர்களை ஒன்று சேர்த்திருக்கிறது. 1982-இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தில், பல்கலைக்கழகம் போன அண்ணன்மாரும் அக்காள்மாரும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வந்து பாடம் சொன்னார்கள். அடிக்காத மூத்தவர்கள், கை கொடுக்கும் மூத்தவர்கள்! நமக்கு வேண்டிய 'ஃபிராட்டர்னிட்டி' இதுதான்.

"சங்கம் கிங்கம் என்று போகாதே, படிப்பை மட்டும் பார்" என்று சொல்லும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 1971-இன் பல்கலைக்கழகச் சட்டம் மாணவர்களை அப்படி அடக்கி வைத்தது. ஆனால் 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் ஒரு பிரிவு பேச்சுரிமைக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 2012-இலும் 2018-இலும் சட்டம் தளர்த்தப்பட்டது. சங்கம் சேரும் உரிமையை அரசியலமைப்பின் 10-ஆம் விதி நம் பிள்ளைக்கும் தருகிறது.

ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள்.

ஒன்று, சேரும் முன்பே அங்கே படிக்கும் நம் மாணவர் ஒருவரைத் தேடிப் பேசுங்கள். தமிழர் சங்கம் உண்டா, விடுதி எப்படி என்று கேளுங்கள்.

இரண்டு, சங்கம் இல்லாத கல்லூரியில் ஒன்று தொடங்கப் பிள்ளையைத் தூண்டுங்கள். பிற இன நண்பர்களுக்கும் அதன் கதவு திறந்திருக்கட்டும். நம்மை ஒதுக்கியதை நாம் பிறருக்குச் செய்யவேண்டாம்.

மூன்று, அடித்தால் மறைக்காதீர்கள். காயத்தைப் படம் எடுங்கள், அரசு மருத்துவமனைக்குப் போங்கள், போலீசில் புகார் செய்யுங்கள். அடிப்பது எப்போதுமே குற்றம். மிரட்டி இழிவுபடுத்தும் பகடிவதைக்கென்று தண்டனைச் சட்டத்தில் 507பி முதல் புதிய பிரிவுகள் 2025 ஜூலையிலிருந்து அமலில் உள்ளன. "பேர் கெட்டுப்போகும்" என்பவர்களிடம் சொல்லுங்கள்: கெடுவது அடித்தவன் பேர்.

அந்தத் தகப்பனாரின் மகன் இப்போது வேறோர் இடத்தில் படிக்கிறான். முதல் நாள் பஸ் நிலையத்தில் அவனுடைய பெட்டியைத் தூக்க இரண்டு மூத்த மாணவர்கள் வந்து நின்றார்கள். நாம் முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லியிருந்தோம். செலவு, ஒரு போன் அழைப்புதான்.

அடுத்த தவணையில் பாடாங் செராயிலிருந்தும் சுங்கை பட்டாணியிலிருந்தும் பெட்டியோடு இறங்கும் பிள்ளைக்கு யார் போய் நிற்கப்போகிறோம்? சிந்திப்போம், செயல்படுவோம்!