அனுப்புவதும் சாட்சிதான்



நம் சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விதி உண்டு. ஆராதனை நேரம், ஜெபக் குறிப்பு, பிறந்தநாள் வாழ்த்து, இவற்றைத் தவிர வேறெதுவும் போடக்கூடாது. அது 2021இல் வந்த விதி. ஏன் வந்தது என்று இன்றைய பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குத் தெரியாது. பெரியவர்களுக்குத் தெரியும், ஆனால் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். கோவிட் தடுப்பூசி பற்றித் தொடங்கிய வாக்குவாதத்தில், பல வருடங்களாக ஒரே வீட்டு ஜெபக்கூட்டத்தில் முழங்காற்படியிட்ட குடும்பங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் போயின. ஒரு பக்கத்தார் மற்றவர்களை விசுவாசமில்லாதவர்கள் என்றார்கள். அந்தப் பக்கத்தார் இவர்களைப் படிப்பறிவில்லாதவர்கள் என்றார்கள். விதி வந்தபின் சத்தம் அடங்கியது. சமாதானம் வந்தது என்று என்னால் சொல்லமுடியவில்லை.

நான் லண்டனில் ஒரு வைத்தியசாலையில் மருந்தாளராக வேலை செய்கிறவள். ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது யாராவது என்னை ஒரு மூலைக்குக் கூப்பிட்டு, "அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ" என்று தொடங்குவார்கள். முன்பு கேள்வி கோவிட் ஊசியைப் பற்றி இருந்தது. இப்போது குழந்தைகளின் ஊசிக்கு வந்துவிட்டது. "சின்னமுத்து ஊசி போடத்தான் வேணுமா?" என்று இளம் தாய்மார் கேட்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் அதைத் தட்டம்மை என்பார்கள். பெயர் எதுவானாலும் பயம் ஒன்றுதான். 2024இல் இங்கிலாந்தில் 2,900க்கும் அதிகமானவர்களுக்கு ஆய்வுகூடப் பரிசோதனையில் இந்த நோய் உறுதியானது. 2012க்குப் பின் இவ்வளவு அதிகம் இல்லை. ஆகவே பழைய வாக்குவாதத்தை மூடிவைத்துவிட்டோம் என்று நினைத்தாலும், அது நம் பிள்ளைகளின் தொட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சந்தேகப்படுவது பாவமல்ல. வைத்தியரிடம் நூறு கேள்வி கேளுங்கள். ஆனால் ஒரு செய்தியை 200 பேர் உள்ள குழுவுக்கு அனுப்பும்போது நீங்கள் கேள்வி கேட்கிறவர் இல்லை, சாட்சி சொல்கிறவர். பொய்ச்சாட்சியைப் பற்றிய கட்டளை நம் கைப்பேசிக்கும் சேர்ந்ததுதான்.

நடிகர் விவேக்கை நினைத்துப் பாருங்கள். 2021 ஏப்ரல் 15ஆம் திகதி சென்னையில் அரசு வைத்தியசாலையில், எல்லாரும் போடவேண்டும் என்று சொல்லித் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மயங்கி விழுந்தார். 17ஆம் திகதி அதிகாலையில் மாரடைப்பால் இறந்தார். அந்த வாரம் உலகத்தில் எந்தத் தமிழ் வீட்டுக்கு இந்தச் செய்தி வராமல் இருந்தது? "பார்த்தீர்களா?" என்ற ஒரே வார்த்தையோடு வந்தது. அதே வருட அக்டோபரில், தடுப்பூசிக்குப் பின் வரும் பாதிப்புகளை ஆராயும் இந்தியாவின் தேசியக் குழு, அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று முடிவு சொன்னது. அந்த முடிவு எத்தனை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

சில மாதங்களுக்கு முன், 2020 டிசம்பரில், இலங்கையில் வேறொரு காட்சி நடந்தது. கேகாலையில் ஒருவர் காய்ச்சிய பாணி கோவிட்டைத் தடுக்கும் என்று ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதைப் பலர் பார்க்கக் குடித்தார். ஜனவரியில் அவருக்கே கோவிட் வந்தது. படித்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதருக்கு நடந்ததை வைத்து ஊசி கொல்லும் என்றவர்களும், ஒரு மனிதருக்கு நடந்ததை வைத்துப் பாணி பொய் என்று சிரித்தவர்களும் ஒரே கணக்கைத்தான் போட்டார்கள். அந்தப் பாணி பொய்தான், அதற்கு ஆதாரம் எதுவும் காட்டப்படவில்லை என்பதால். அமைச்சருக்குக் காய்ச்சல் வந்ததால் அல்ல. பிரித்தானியாவில் வருடத்துக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் மாரடைப்போடு வைத்தியசாலைக்கு வருகிறார்கள். 2021 வசந்தத்தில் இங்கே ஒரே நாளில் எட்டு லட்சம் ஊசிக்கு மேல் போட்டார்கள். ஊசி என்ற ஒன்றே இல்லாவிட்டாலும், அந்த எட்டு லட்சம் பேரில் சிலருக்கு மறுநாள் மாரடைப்பு வந்தே இருக்கும்.

அப்படியானால் எப்படித்தான் கண்டுபிடிப்பது? தானியேல் புத்தகத்தின் முதல் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வாலிபர் பத்து நாள் மரக்கறியும் தண்ணீரும் சாப்பிட, மற்றவர்கள் ராஜாவின் உணவைச் சாப்பிட, கடைசியில் முகங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒப்பிடுவது என்பதே பெரிய அறிவு. இன்றைய ஆராய்ச்சியாளர் ஒருவர் அங்கே இருந்தால் மட்டும் குறுக்கே ஒரு கேள்வி கேட்பார்: அந்த நால்வரும் தாங்களாகவே முன்வந்தவர்கள், ஆரம்பத்திலேயே திடகாத்திரமானவர்களோ? (தானியேல் கோபித்துக்கொள்ளமாட்டார் என்று நம்புகிறேன்.) அதனால்தான் இன்று சீட்டுப் போடுகிறார்கள். யாருக்கு மருந்து, யாருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் என்பதை நோயாளியும் தீர்மானிப்பதில்லை, வைத்தியரும் தீர்மானிப்பதில்லை. மத்தியாவைத் தெரிந்தெடுக்கச் சீட்டுப் போட்டதுபோலக் கணினி போடுகிறது. இரண்டு பக்கத்திலும் வயதானவர், சர்க்கரை வியாதிக்காரர், பலமுள்ளவர் எல்லாரும் ஏறக்குறைய சமமாக வந்துவிடுவார்கள். பிறகு எண்ணவேண்டியதுதான்.

2020 மார்ச்சில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் இந்த நாட்டு வைத்தியசாலைகளில் தொடங்கிய 'ரிக்கவரி' ஆய்வு இப்படித்தான் நடந்தது. அப்போது உலகமெல்லாம் பேசிக்கொண்டிருந்தது ஹைட்ராக்சிகுளோரோகுயின் குளிசையைப் பற்றி. ஒரு பக்கம் ஜனாதிபதிகள் புகழ்ந்தார்கள், மறுபக்கம் தொலைக்காட்சிக்காரர் திட்டினார்கள். ரிக்கவரியில் 1,561 பேருக்கு அதைக் கொடுத்தார்கள், 3,155 பேருக்குக் கொடுக்கவில்லை. 28 நாளில் குளிசை எடுத்தவர்களில் 100க்கு 27 பேர் இறந்தார்கள், எடுக்காதவர்களில் 25 பேர். உயிர் காக்கவில்லை. ஜூன் 5ஆம் திகதி அந்தப் பகுதியை நிறுத்தினார்கள். பதினொரு நாள் கழித்து, ஜூன் 16 அன்று, இன்னொரு மருந்தின் முடிவை அறிவித்தார்கள். டெக்சாமெதசோன், நாங்கள் பல தசாப்தங்களாக மருந்தகத்தில் வைத்திருக்கிற மலிவான ஸ்டீராய்டு. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 100க்கு 41 பேர் இறந்த இடத்தில், அதைக் கொடுத்தவர்களில் 29 பேர் இறந்தார்கள். அன்றே என்.எச்.எஸ். வைத்தியசாலைகளுக்கு அதைப் பயன்படுத்தும்படி உத்தரவு போனது.

மலிவான மருந்துகளைப் பெரிய கம்பெனிகள் மறைத்துவிட்டன என்று சொல்லும் மாமாமாருக்கு நான் இதைத்தான் ஞாபகப்படுத்துவேன். கோவிட்டில் முதன்முதலாக உயிர் காத்ததாக நிரூபணமான மருந்தே மலிவானதுதான். அதே நேரம், மாமாவின் சந்தேகம் ஆகாயத்திலிருந்து வந்ததல்ல. 2009இல் ஃபைசர் கம்பெனி, மருந்துகளைச் சட்டத்துக்குப் புறம்பாக விற்பனை செய்த வழக்குகளைத் தீர்க்க 230 கோடி டொலர் கட்டியது. இலங்கையில் கோவிட்டால் இறந்த முஸ்லிம்களின் உடல்களை, நிலத்தடி நீர் கெடும் என்று நிபுணர்களின் பெயரைச் சொல்லிக் கட்டாயமாக எரித்தார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் புதைக்கலாம் என்று சொல்லியும் 2021 பெப்ரவரி வரை விடவில்லை. இதையெல்லாம் பார்த்த நம் சனம் "நிபுணர்" என்ற சொல்லைக் கேட்டவுடன் தலையாட்டாததில் எனக்கு ஆச்சரியமில்லை.

நிபுணர்களின் ஆய்வுக் கட்டுரைகளிலும் பொய் வந்தது, இரண்டு பக்கத்துக்கும் சாதகமாக வந்தது. 2020 மே 22ஆம் திகதி 'லான்செட்' இதழில், ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆளைக் கொல்லும் என்று ஒரு கட்டுரை வந்தது. 671 வைத்தியசாலைகள், 96,000 நோயாளிகள் என்றது. மற்ற ஆராய்ச்சியாளர்கள் தரவைக் காட்டச் சொன்னார்கள். தரவை வைத்திருந்த கம்பெனி காட்ட மறுத்தது. ஜூன் 4ஆம் திகதி கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மறுபக்கம், ஐவர்மெக்டின் மரணத்தை 90 சதவீதத்துக்கு மேல் குறைக்கிறது என்று எகிப்திலிருந்து ஓர் ஆய்வு. அதைப் பாடமாகப் படிக்கக் கொடுக்கப்பட்ட லண்டன் மருத்துவ மாணவர் ஒருவர், வேறு இடங்களிலிருந்து எடுத்த வாக்கியங்களில் சொற்களை மட்டும் மாற்றியிருப்பதைக் கவனித்தார். பிறகு தரவுக் கோப்பைத் திறந்தார். கடவுச்சொல் 1234 என்று ஊகித்தே திறந்தாராம். ஆய்வு தொடங்குமுன்பே இறந்தவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். 2021 ஜூலையில் அதுவும் அகற்றப்பட்டது. பிறகு பிரேசிலில் 1,358 பேரிடம் சீட்டுப் போட்டு ஒழுங்காகச் செய்த ஆய்வில், ஐவர்மெக்டின் நோயாளிகள் வைத்தியசாலைக்குப் போவதைக் குறைக்கவில்லை என்று தெரிந்தது.

வாலிபர்களே, அந்த மாணவருக்கும் உங்கள் வயதுதான் இருக்கும், கொஞ்சம் கூட. அவர் செய்தது சந்தேகப்பட்டதுதான். ஆனால் அனுப்புமுன் திறந்து பார்த்தார்.

பாதி உண்மையும் ஆபத்தானது. டெக்சாமெதசோன் நல்லது என்ற செய்தி சரி. ஆனால் அதே ஆய்வில், ஒட்சிசன் தேவைப்படாத நோயாளிகளுக்கு அதனால் பலன் இல்லை, கெடுதலாகவும் இருக்கலாம் என்று தெரிந்தது. அந்தப் பாதி ஃபார்வர்ட் ஆகவில்லை. 2021இல் இந்தியாவில் பலர் வீட்டிலிருந்தபடியே ஸ்டீராய்டு குளிசைகளை எடுத்தார்கள். அந்தக் கோடையில் 40,000க்கும் அதிகமானோருக்குக் கரும்பூஞ்சை நோய் வந்தது, பலர் கண்ணை இழந்தார்கள். கட்டுப்படாத சர்க்கரையும், தேவையில்லாமல் எடுத்த ஸ்டீராய்டும் முக்கிய காரணங்கள் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். சர்க்கரை இல்லாத தமிழ்க் குடும்பம் எது?

இப்போது தடுப்பூசியை ஆதரித்த நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. "முற்றிலும் பாதுகாப்பானது" என்று சொன்னவர்கள் அளவுக்கு மீறிச் சொன்னார்கள். 2021 மார்ச் முடிவில், இந்த நாட்டில் போட்ட இரண்டு கோடி அஸ்ட்ராசெனெகா ஊசிகளுக்கு 79 பேருக்கு அரிதான இரத்தக்கட்டி வந்திருந்தது, 19 பேர் இறந்திருந்தார்கள். ஏப்ரல் 7ஆம் திகதி அரசு இதை வெளியே சொல்லி, 30 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வேறு ஊசி கொடுக்கச் சொன்னது. அடுத்த மாதம் அந்த வயதை 40 ஆக்கியது. பத்து லட்சத்துக்கு நான்கு பேர் என்பது சிறிய எண்தான். அந்த நான்கில் ஒருவர் உங்கள் மகனாயிருந்தால் எண் எதற்கு? அப்படி ஒருவரை இழந்த குடும்பம் சபையில் வாய் திறந்தால், தடுப்பூசி எதிர்ப்பாளர் என்று முத்திரை குத்தி உட்காரவைப்பது கொடுமை. அவர்கள் துக்கத்துக்கு இடம் கொடுக்கவேண்டும். நான் ஊசி போட்டுக்கொண்டேன், என் வீட்டாருக்கும் போட்டேன். கோவிட் அதைவிட எத்தனையோ மடங்கு பேரைக் கொண்டுபோனது என்பதால் இன்றும் அதையே செய்வேன். ஆனால் அந்த 19 பேரைச் சொல்லாமல் அதைச் சொல்லமாட்டேன்.

இந்தக் கட்டிகளைப் பற்றித் தெரியவந்ததற்கு ஒரு காரணம் 'மஞ்சள் அட்டை' முறை. தாலிடோமைட் என்ற மருந்தால் குழந்தைகள் கைகால் குறையோடு பிறந்த துயரத்துக்குப் பின் 1964இல் ஏற்படுத்தியது. எந்த மருந்தோ ஊசியோ பக்கவிளைவு தந்ததாகத் தோன்றினால் வைத்தியர்தான் எழுதவேண்டும் என்றில்லை, நீங்களே இணையத்தில் பதியலாம். அம்மாவுக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறும் என்றால் பக்கத்தில் இருந்து நிரப்பிக் கொடுங்கள். குழுவில் போட்டால் பயம் பரவும். அங்கே போட்டால் யாரோ ஒருவர் அதை எண்ணுவார்.

சபைக்குள் மட்டும் கேட்கப்படும் கேள்வி ஒன்றும் உண்டு: கருவின் உயிரணு. இது கேலிக்குரிய கேள்வி அல்ல. அஸ்ட்ராசெனெகா ஊசியைத் தயாரிக்கப் பயன்பட்ட உயிரணுக்கள், 1970களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் ஒரு கருவிலிருந்து எடுத்தவற்றிலிருந்து ஆய்வுகூடத்தில் பெருகிவந்தவை. ஃபைசர், மொடர்னா தயாரிப்பில் அவை இல்லை, சோதனைக் கட்டத்தில் பயன்பட்டன. சின்னமுத்து ஊசியோடு சேர்ந்துவரும் ருபெல்லா பகுதிக்கும் 1960களில் எடுத்த அப்படியான உயிரணு வரிசை உண்டு. ஒவ்வொரு ஊசிக்கும் புதிதாக ஒரு கருவை அழிக்கிறார்கள் என்பது பொய். ருபெல்லா கர்ப்பிணிக்கு வந்தால் கரு கலையலாம், குழந்தை பார்வையோ செவியோ இழந்து பிறக்கலாம் என்பதையும் சேர்த்து யோசித்து, ஒவ்வொருவரும் தங்கள் மனச்சாட்சிப்படி தீர்மானிக்கட்டும். வெளிப்படுத்தலில் வரும் முத்திரையைப் பற்றிய கேள்வியைப் போதகரிடம் கேளுங்கள். ஊசிக்குள் சிப் எதுவும் இல்லை என்பதை மட்டும் மருந்தாளராக நான் சொல்லமுடியும்.

தேநீர் மேசையில் என்னைக் கேட்ட தாய்மாருக்கு: போடுங்கள். இந்த ஊசியால் ஓட்டிசம் வருகிறது என்ற பயம், 1998இல் லான்செட்டில் 12 பிள்ளைகளை மட்டும் வைத்து வந்த கட்டுரையிலிருந்து பரவியது. 2010இல் அதைத் திரும்பப் பெற்றார்கள், எழுதிய வைத்தியரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள். வாலிபர்களுக்கும் இதில் பங்குண்டு. யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ பிறந்து அட்டை இல்லாமல் இங்கே வந்தவர்கள், இரண்டு ஊசியும் போட்டதா என்று பெற்றோரிடம் கேளுங்கள். தெரியாவிட்டால் குடும்ப வைத்தியரிடம் சொல்லிப் போட்டுக்கொள்ளலாம். எந்த வயதிலும் இலவசம், முன்பே போட்டிருந்து மறுபடி போட்டாலும் கெடுதல் இல்லை. கர்ப்பமாக இருக்கிறவர்கள் மட்டும் பிள்ளை பிறக்கும்வரை பொறுக்கவேண்டும். கேள்வி இருந்தால் ஆராதனைக்குப் பின் வழக்கமான மூலையில் இருப்பேன். மூலையில் வேண்டாம், மேசையிலேயே எல்லாரும் கேட்கக் கேட்டாலும் எனக்குச் சந்தோஷம்தான்.