தீ வந்தபின் எழுதும் கணக்கு

கிடங்கில் நூல் எத்தனை சிப்பம், துணி எத்தனை மீட்டர், விளைபொருள் எத்தனை மூட்டை என்பதைப் பேரேட்டுடன் ஒப்பிட்டுப் பார்ப்பதில் நம் அங்கத்தினர்கள் மிகுந்த விழிப்புடையவர்கள். ஒரு ரூபாய் குறைந்தாலும் மகாசபையில் எழுந்து காரியதரிசியைக் கேட்கத் தவறுவதில்லை. ஆனால் அச்சரக்கு முழுவதும் ஒரே பிற்பகலில் சாம்பலாகக் கூடுமா, கூடுமாயின் எவ்வழியில் என்ற கேள்வி மகாசபையில் அரிதாகவே எழுகிறது. ஆண்டுதோறும் கோடைக்கு முன் அக்கேள்வியை எழுப்பி, விடையையும் எழுதி வைக்க வேண்டும் என்பதே நமது கருத்து.

இவ்விஷயத்தில் நாம் பாடம் கற்கத்தக்க தேசம் ஆஸ்திரேலியா. அங்கே காட்டுத் தீ புதியதன்று. 1939 ஜனவரியில் விக்டோரியா மாநிலத்தில் 71 பேர் தீக்கு இரையாயினர். 2009 பிப்ரவரி 7-ஆம் நாள் அதே மாநிலத்தில் மூண்ட தீயில் 173 பேர் மாண்டனர். 2,000-க்கு மேற்பட்ட வீடுகள் எரிந்தன. மேரிஸ்வில் என்னும் சிற்றூரின் கடைவீதி ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. 2020 ஜனவரியில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஆப்பிள் விளையும் பாட்லோ என்ற ஊரைத் தீ தாக்கியது. இத்தகைய ஊர்களில் பிழைப்பை இழந்து நின்றவர்களுள் தோட்டக்காரர், கடைக்காரர், விடுதி நடத்துவோர் போன்ற சிறு தொழில் புரிவோர் பலர்.

இத்தீக்களை ஆராய்ந்தோர் கண்ட முக்கியமான உண்மை ஒன்றுண்டு. எரியும் கட்டடங்களில் பெரும்பாலானவற்றைத் தீ நேரே வந்து தீண்டுவதில்லை. காற்றில் பறந்து வரும் கங்குகளே அவற்றைக் கொளுத்துகின்றன. எரியும் பட்டையும் இலையும் பல கிலோமீட்டர் தூரம் பறக்க வல்லவை. தீ வருவதற்கு முன்பும் அவை விழும். தீ கடந்து சென்று பல மணி நேரம் ஆன பின்பும் விழும். கூரையில் சேர்ந்த சருகு, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளி, சுவரோடு சாய்த்து அடுக்கிய விறகு, கதவின் அடியிலுள்ள சந்து ஆகியவையே கங்குக்கு நாம் திறந்து வைத்திருக்கும் வாயில்கள்.

அந்நாட்டில் காட்டோரத்தில் கட்டடம் எழுப்புவோர் அபாயத்தை நான்கு கேள்விகளால் அளக்கின்றனர். 100 மீட்டருக்குள் உள்ள தாவரம் எத்தகையது? அது எவ்வளவு தொலைவில் உள்ளது? நிலம் எப்பக்கம், எவ்வளவு சரிந்துள்ளது? அப்பகுதியின் வெப்பமும் காற்றும் எத்தன்மையன? இவற்றின் விடைகளைக் கொண்டு அந்த இடத்தை ஆறு நிலைகளுள் ஒன்றில் வைக்கின்றனர். சரிவைக் கேட்பதற்குத் தக்க காரணம் உண்டு. மேட்டை நோக்கி ஏறும் தீயின் வேகம் சரிவு 10 பாகை கூடுந்தோறும் ஏறக்குறைய இரட்டிக்கிறது. நம் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11-ஆம் நாள் சரிவில் பரவிய தீ, மலையேறச் சென்றவர்களுள் 20-க்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. காட்டுத் தீ பிறநாட்டுச் செய்தி மட்டுமன்று என்பதை மலையோர அங்கத்தினர்கள் அறிவார்கள்.

தீ தொடாமலே வரும் நஷ்டமும் உண்டு. 2020-இல் ஹன்டர் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டக்காரர்கள் பலர், புகையேறிய பழத்தில் நல்ல மது வடிக்க இயலாமல் அவ்வாண்டு மகசூலையே கைவிட்டனர். சாலை அடைபட்டால் சரக்கு சந்தைக்குப் போகாது. மின்சாரம் நின்றால் மோட்டார் ஓடாது. ஆகவே 'எது எரியும்' என்று மட்டும் பாராமல், 'எது நின்றுபோகும்' என்றும் பார்ப்பதே முழுமையான மதிப்பீடாகும்.

'இன்ஷியூரன்ஸ் இருக்கிறதே, கவலை ஏன்?' என்பார் உளர். இன்ஷியூரன்ஸ் அவசியமே, ஆயினும் பத்திரத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். சரக்கின் மதிப்புக்குக் குறைவாக இன்ஷியூர் செய்தால், நஷ்ட ஈட்டையும் அவ்விகிதப்படி குறைக்கும் நிபந்தனை பல பத்திரங்களில் உண்டு. 10 லட்சம் ரூபாய்ச் சரக்கை 5 லட்சத்துக்கு மட்டும் இன்ஷியூர் செய்த சங்கம், 2 லட்சம் நஷ்டத்துக்கு 1 லட்சமே பெறக் கூடும். கை மாறிப்போன வாடிக்கைக்காரரையோ, வேலையின்றிக் கழிந்த மாதங்களையோ எந்தப் பத்திரமும் முழுவதுமாகத் திருப்பித் தருவதில்லை.

'சிறு சங்கத்துக்கு இதற்கெல்லாம் பணம் ஏது?' என்பது நியாயமான கேள்வி. மேலே கூறிய வாயில்களை மீண்டும் எண்ணிப் பாருங்கள். சருகு பெருக்கத் துடைப்பம் போதும். விறகை அப்புறப்படுத்த இரண்டு ஆள் போதும். சந்துகளைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்கலாம். காற்றோட்டத் துளைகளுக்கு 2 மில்லிமீட்டருக்கு மிகாத கண்ணுள்ள உலோக வலை அடித்தால் பெரும்பாலான கங்குகள் உள்ளே வாரா. சாயச் சாலைக்கு வேண்டிய விறகும், தறிக்கூடத்தின் கழிவுப் பஞ்சும் நூல் கிடங்கின் சுவரோரம் கிடக்கலாகாது. பேரேடு, அங்கத்தினர் பதிவேடு, இன்ஷியூரன்ஸ் பத்திரம் ஆகியவற்றின் நகல்கள் வேறொரு கட்டடத்தில் இருத்தல் வேண்டும். சரக்கு முழுவதையும் ஒரே கூரையின்கீழ்க் குவிக்காமல் இரண்டு இடங்களில் வைப்பதற்கும் சிறிது ஏற்பாடுதான் தேவை. விலையுயர்ந்த கருவிகளைப் பற்றிய பேச்சு இவையெல்லாம் முடிந்தபின் வரட்டும்.

இவ்வேலையைத் தனி மனிதன் செய்வதைவிடச் சங்கம் செய்வதே பொருத்தம். ஒருவன் தன் தோட்டத்தைத் துப்புரவாக வைத்து, அடுத்தவன் வேலியோரம் காய்ந்த புதரை விட்டு வைத்தால், முன்னவனின் உழைப்பு பாதி வீணாகும். தீக்கு எல்லைக்கல் தெரியாது. 2009 தீயை விசாரித்த கமிஷன், பெருந்தீக்கள் சிலவற்றுக்கு மின்கம்பிப் பழுதே காரணம் எனக் கண்டது. கம்பியில் உரசும் கிளையைப் பற்றி ஒருவன் எழுதும் மனுவைவிட, 200 அங்கத்தினர் சார்பில் சங்கம் எழுதும் மனுவுக்கு வலிமை அதிகம்.

ஆகையால் நிர்வாக சபையார் தை மாதம் முடிவதற்குள் மூன்று அங்கத்தினரைக் கொண்ட ஒரு குழு அமைத்து, கிடங்கையும் தோட்டங்களையும் சுற்றிப் பார்த்து, ஒரு பக்க அறிக்கை வாங்குவது நலம். எது எரியும், எது நிற்கும், எதை உடனே செய்யலாம், யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்ற ஐந்தும் அதில் இருந்தால் போதும். தீ நெருங்கும் நாளில் யார் யாருக்குச் சொல்வது, எவ்வழியாக வெளியேறுவது என்பதையும் எழுதிக் கதவில் ஒட்டுக. சரக்கைக் காக்க எவரும் உள்ளே நிற்கலாகாது என்பது அதன் முதல் வரியாக இருக்கட்டும். நூலை மீண்டும் வாங்கலாம். நெய்பவரை வாங்க இயலாது.

வருமுன் காவாதவன் வாழ்க்கைக்கு வள்ளுவர் தீயையும் வைக்கோலையுமே உவமையாக எடுத்தார். வைக்கோற்போருக்கு நகர்ந்துகொள்ளக் கால் இல்லை; சங்கத்துக்கோ அங்கத்தினர் அத்தனை பேரின் கைகளும் உண்டு.