சோப்பு அப்புவது ரிப்பேர் இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு, கோபமான பதிவும்கூட. வீட்டில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கடைசி வரை படித்துவிடுங்கள்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ சுற்றுகிறது. அம்பாசிடரில் பெட்ரோல் பைப் மூட்டு கசிகிறது. ஒருவர் துணி சோப்பைப் பிசைந்து அதன் மேல் அப்புகிறார். சொட்டு நிற்கிறது. கீழே வரிசையாகக் கைதட்டல், "அந்தக் காலத்து மூளையே தனி" என்று பாராட்டு வேறு. அந்தக் கைதட்டலில் என் மாணவர்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

சோப்பு பெட்ரோலில் கரையாது, உண்மைதான். நடுரோட்டில் நின்றவன் அதை வைத்து வீடு வந்து சேர்ந்தான், அதுவும் உண்மை. ஆனால் இன்று பங்கில் கிடைப்பது அந்தப் பழைய பெட்ரோல் இல்லை. 2030-க்கு என்று வைத்திருந்த 20 சதவீத எத்தனால் இலக்கை அரசு முன்னுக்கு இழுத்து 2025-லேயே எட்டிவிட்டது. எத்தனால் ஓர் ஆல்கஹால். ஆல்கஹாலுக்கு சோப்பைக் கரைக்கும் குணம் உண்டு, காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணமும் உண்டு. நீங்கள் அப்பிய சோப்பு எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

"எல்லாம் இந்த எத்தனாலால் வந்த வினை சார்" என்பீர்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது, பத்மினி அதற்கும் முன்பே. அவற்றின் ரப்பர் இந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டதில்லை. கலக்காத பெட்ரோல் வேண்டுமென்றால் சாதாரண பங்கில் வழியும் இல்லை. கேள்வி கேட்க வேண்டிய விஷயம்தான். ஆனால் இருபது வருஷமாக மாற்றாத ஹோஸ் வெடித்ததற்கும் அரசாங்கமா காரணம்?

அடுத்த கைவைத்தியம் டெஃப்லான் டேப். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுவதை பெட்ரோல் பைப்புக்கும் சுற்றுகிறார்கள். ஐயா, அந்த மூட்டில் கசிவைத் தடுப்பது மரையே இல்லை. பைப்பின் முனையைப் புனல் மாதிரி விரித்திருப்பார்கள். நட்டு அந்த விரிந்த வாயை எதிர்ப்பக்கச் சரிவில் அழுத்திப் பிடிக்கும். உலோகமும் உலோகமும் பொருந்துவதில்தான் அடைப்பு. வாய் கீறியிருந்தால் மரையில் பத்துச் சுற்று டேப் போட்டாலும் பயனில்லை. பிய்ந்த துணுக்கு கார்புரேட்டர் ஜெட்டில் போய் உட்காரும், அதுதான் மிச்சம். இன்னும் இறுக்கினால் வாயே பிளக்கும். முனையை வெட்டி, கருவி வைத்துப் புதிதாக விரிக்க வேண்டும். பைப்பே அரித்திருந்தால் மாற்ற வேண்டும். கழற்றும்போது இரண்டு ஸ்பேனர் பிடியுங்கள், ஒன்று திருப்ப, இன்னொன்று மறுபக்கம் அசையாமல் இருக்க. இல்லாவிட்டால் பைப் முறுகிவிடும்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது வண்டி மூச்சு வாங்கினால் பம்ப் மேல் ஈரத்துணி போடுகிறீர்கள். சூட்டில் பெட்ரோல் ஆவியாவதும் உண்டு. ஆனால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் ஹோஸில் விரிசல் இருந்தால் பம்ப் அங்கே காற்றைத்தான் உறிஞ்சும். ஓடும்போது வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது. பம்பைத் தாண்டிய பிறகு வரும் கசிவுதான் கண்ணுக்குத் தெரியும், ஆபத்தும் அதில்தான். பெட்ரோல் அம்பாசிடரின் பானட்டைத் திறந்து பாருங்கள். கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். சொட்டு விழுவது கொதிக்கும் இரும்பின் மேல்.

"பழைய வண்டி என்றால் கொஞ்சம் வாசனை இருக்கத்தானே செய்யும்" என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்! சொல்யூஷன் தடவும் மேஜைப் பக்கம் யாரையாவது தீக்குச்சி உரச விடுவீர்களா? மைனஸ் 40 டிகிரியில்கூட பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். அந்த வண்டியைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டு, பூ ஜோடித்து, மாப்பிள்ளை பெண்ணோடு பின்சீட்டில் நாலு குழந்தைகளையும் ஏற்றுகிறீர்கள். பெயின்டுக்கும் குரோமுக்கும் பல்லாயிரம் செலவழிக்கிற கை, ஒரு மீட்டர் ஹோஸ் என்றதும் சுருங்குகிறது.

கடையில் "பெட்ரோல் டியூப்" என்று மட்டும் கேட்காதீர்கள். டூவீலருக்குப் போடும் கண்ணாடி டியூப்பைக் கொடுத்துவிடுவார்கள், சீக்கிரமே விறைத்துவிடும். எத்தனால் தாங்கும் ஃப்யூயல் ஹோஸ் என்று கேளுங்கள். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று மேலேயே அச்சடித்திருக்கும். ரப்பரை அறுக்கும் பல் கிளிப் வேண்டாம், உள்பக்கம் வழவழப்பான கிளாம்ப் வாங்குங்கள். வேலையை எஞ்சின் ஆறிய பிறகு, வெட்டவெளியில், பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். வண்டியில் ஒரு கிலோ பவுடர் தீயணைப்பான் இருக்கட்டும்.

வரும் ஞாயிறு ஏலகிரியில் நம் பழைய மாணவர் சந்திப்பு. அம்பாசிடரில் வருகிறவர்கள் சனிக்கிழமை இரவு வண்டிக்குக் கீழே அட்டை விரித்து நிறுத்துங்கள். காலையில் அட்டையில் ஈரமோ கறையோ இருந்தால், மூடிய பானட்டுக்குள் வாசனை அடித்தால், பஸ்ஸில் வாருங்கள் தம்பி.